சயாமுக்குப் போனவர்களின் பெயர் எங்கே?

லண்டனின் கியூ பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் பெட்டி பெட்டியாகச் சிறு அட்டைகள் அடுக்கியிருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிக்கிய நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு, ஆளுக்கொன்றாக ஜப்பானிய ராணுவம் எழுதிவைத்த அட்டைகள். ஐம்பதாயிரத்துக்கும் மேல் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஜப்பானிய எழுத்தும் ஆங்கில எழுத்தும் கலந்து கிடக்கும். பெயர், பிறந்த தேதி, படைப்பிரிவு, பதவி, பிடிபட்ட இடம், பிடிபட்ட நாள், சொந்த ஊர், முன்பு செய்த தொழில் எல்லாம் உண்டு. அப்பா பெயருக்கு ஒரு கட்டம், அம்மா பெயருக்கு ஒரு கட்டம். கைதி முகாமில் இறந்துபோனால் அட்டையின் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருப்பார்கள்.

இன்று அந்த அட்டைகளைக் கேட்டு எழுதிப்போடுகிறவர்கள் பெரும்பாலும் பேரன் பேத்திகள். போரிலிருந்து திரும்பி வந்த தாத்தா கடைசிவரை வாய் திறந்திருக்க மாட்டார். திரும்பி வராத தாத்தாவைப் பற்றிப் பாட்டி பேசியிருக்க மாட்டாள். வீட்டைக் காலி செய்யும்போது ஒரு பதக்கமோ மங்கிய படமோ கையில் சிக்கும். தேடல் அங்கே ஆரம்பிக்கும். அட்டை கிடைத்தால் முகாமின் பெயர் தெரியும். உயிரோடு மீண்டவர் என்றால், 1945-ல் விடுதலையானபோது அவர் நிரப்பிக் கொடுத்த கேள்வித்தாள் அதே காப்பகத்தில் இருக்கக்கூடும். இறந்தவர் என்றால், தாய்லாந்தின் காஞ்சனபுரியிலோ சுங்காயிலோ பர்மாவின் தன்பியூசயாட்டிலோ கல்லறை எந்த வரிசையில் இருக்கிறது என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் சொல்லிவிடும். ராட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர், அந்தக் கைதிகளைக் கொண்டு ஜப்பான் போட்டு அழிந்துபோன தாய்லாந்து-பர்மா ரயில் பாதையைக் காட்டுக்குள் நடந்தே தேடிக் கண்டறிந்தவர். அவர் 2003-ல் காஞ்சனபுரியில் திறந்த தாய்லாந்து-பர்மா ரயில்வே மையம், வரும் குடும்பங்களுக்கு அவர்களுடைய ஆள் எங்கே வேலை செய்தார், எங்கே விழுந்தார் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுகிறது. தங்கள் போர் நினைவு நாளான ஏப்ரல் 25 விடியற்காலையில், அந்தப் பாதைக்காகப் பாறையைக் குடைந்த ஹெல்ஃபயர் கணவாயில் ஆஸ்திரேலியக் குடும்பங்கள் விளக்கேந்தி நிற்கின்றன.

அந்தப் பாறையைக் குடைந்த கைகளில் நம்முடைய கைகளும் உண்டு. அந்த ரயில் பாதையில் வெள்ளைக்காரர் ஒருவர் செத்த இடத்தில் நம்மவர் பலர் செத்தார்கள். அவர்களுக்கு எந்தக் காப்பகத்திலும் அட்டை இல்லை.

இந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். நம்மவர்கள் சயாம் என்று சொன்ன தாய்லாந்தின் பான் போங் பக்கமிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். பர்மாப் போர்முனைக்குக் கடல் வழியாகச் சரக்கு அனுப்புவது ஆபத்தாகிவிட்டதால், ஜப்பான் இந்தக் காட்டுப் பாதையைப் போட்டது. 1942-ன் நடுவில் வேலை தொடங்கி, 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் மடிந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், ஆராய்ச்சியாளருக்கு ஆராய்ச்சியாளர் கணக்கு மாறும். ஏறத்தாழ இரண்டு லட்சம் என்பார்கள், அதற்கு மேலும் சொல்வார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் எழுபத்தைந்தாயிரத்துக்கும் மேல் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்கள். ஆசியத் தொழிலாளரில் இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் அளவில் இருக்கலாம் என்பது பலரும் எடுத்துச் சொல்லும் மதிப்பீடு.

இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1943 ஏப்ரலில் சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து கிளப்பப்பட்ட ‘எஃப் படை’ என்ற கைதிக் குழுவில் 7,000 பேர் இருந்தார்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை என்று தலையை எண்ணிச் சொல்ல முடிகிறது. நம்மவர்களின் கணக்கில் ஆயிரக்கணக்கில் கூடவும் குறையவும் இடமிருக்கிறது. அந்த இடைவெளிக்குள் ஒரு மனிதன் விழுந்தால் யாருக்கும் தெரியாது.

ஏன் இப்படி ஆயிற்று? போர்க்கைதி என்பவன் ஒரு ராணுவத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தவன். அவனுக்கு எண் உண்டு, மேலதிகாரி உண்டு, சர்வதேசச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. ஜப்பான் அந்தச் சட்டத்தைக் காலில் போட்டு மிதித்தது உண்மை. மிதித்தாலும் அட்டை எழுதியது. முகாமுக்குள்ளும் கைதிகளின் அதிகாரிகள் யார் எந்த நாளில் என்ன நோயில் இறந்தார் என்று ரகசியமாகக் குறித்தார்கள். சில குறிப்புகளைப் புட்டியில் போட்டுக் கல்லறைக்குள்ளேயே புதைத்து வைத்தார்கள். போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பரில் ஒரு குழு அதே ரயிலில் ஏறி, பாதை நெடுக இறங்கி இறங்கிக் கல்லறைகளைத் தேடியது. 144 இடுகாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. அவை பின்னால் மூன்று பெரிய கல்லறைத் தோட்டங்களில் ஒன்றுசேர்க்கப்பட்டன. காஞ்சனபுரியில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல்லறைகள், ஒரே உயரத்தில், புல் வெட்டி, பூச்செடி வைத்து. அமெரிக்கர்கள் தங்கள் பிணங்களைத் தோண்டி எடுத்துத் தாய்நாட்டுக்கே கொண்டுபோனார்கள்.

தொழிலாளியைத் தேடி அந்தக் குழு இறங்கவில்லை. அவனைத் தேடுவது அதன் வேலையும் இல்லை. யாருடைய வேலை என்ற கேள்விக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பதில் இல்லை.

போர்க்கைதி என்றாலே வெள்ளைக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். 1942 பிப்ரவரி 17 அன்று சிங்கப்பூரின் ஃபாரர் பார்க் மைதானத்தில் ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் பல்லாயிரம் பேரைக் கப்பலில் ஏற்றி நியூகினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அந்தக் கதையும் நம் பாடப்புத்தகங்களில் இல்லை. ஆனாலும் சிப்பாய்க்கு ஒரு படைப்பிரிவுப் பதிவு இருக்கிறது. சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச் சுவரில் கல்லறையற்ற 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் இந்தியர் ஏராளம். சீருடை போட்டிருந்தால் பெயர் பிழைத்தது. கோவணமும் தலைப்பாகையுமாகப் போனவனுக்கு அதுவும் இல்லை.

தோட்டங்களில் ஆள் பிடித்த கதையை மலேசியத் தமிழர்கள் ஒரே வாசகத்தில் சொல்வார்கள்: ‘சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க.’ ஜப்பான்காரன் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் சோறு. நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்னார்கள். பசியில் சிலர் தாமாகவே போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்ற சேதி பரவியதும் யாரும் அசையவில்லை. பிறகு பிடிக்க ஆரம்பித்தார்கள். இத்தனை தலை வேண்டும் என்று தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு வந்தது. கணக்கு எழுதும் கிராணியும் ஆட்களை மேய்க்கும் கங்காணியும் பட்டியல் போட்டார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, வெளியே நின்ற லாரியில் ஏற்றியதும் நடந்தது. மூடிய சரக்கு வண்டியில் நாள்கணக்கில் பயணம். இறங்கிய பிறகு காட்டுக்குள் நடை. சிலர் மனைவி மக்களோடு போனார்கள்.

1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. போர்க்கைதி முகாமில் மருந்து இல்லாவிட்டாலும் மருத்துவர் இருந்தார். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். தமிழர் முகாமில் அதைச் சொல்லவும் ஆளில்லை. நிலைமை கைமீறிப் போனபிறகு, ஜப்பானியர் சாங்கியிலிருந்த கைதி மருத்துவர்களையே இரண்டு குழுக்களாகத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். கே படை, எல் படை என்று அவற்றுக்குப் பெயர். இதை ஒரு காரணத்துக்காகச் சொல்கிறோம். அந்த மருத்துவர்கள் சிலர் நாட்குறிப்பு எழுதினார்கள். நம் தாத்தாவைப் பற்றி மிஞ்சியிருக்கும் ஒரே எழுத்து, அவர் பெயர் தெரியாத ஒரு வெள்ளைக்கார மருத்துவரின் பென்சில் குறிப்பாக இருக்கலாம். ‘இன்று தமிழர் குடிசையில் இத்தனை பேர்’ என்ற அளவில் அது நின்றுபோயிருக்கும். ஆனால் முகாமின் பெயரும் தேதியும் அதில் இருக்கும். கங்காணிப் பட்டியலில் பெயர் இருக்கும், முகாம் இருக்காது. இரண்டையும் பொருத்திப் பார்க்க ஒருவர் உட்கார்ந்தால் சில நூறு பேருக்காவது முகவரி கிடைக்கும். இதுவரை அந்த நாற்காலியை அரசு எதுவும் போடவில்லை.

இழப்பீட்டிலும் இதே கதைதான். 1951-ன் சான்பிரான்சிஸ்கோ அமைதி ஒப்பந்தத்தில் 16-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஜப்பானின் வெளிநாட்டுச் சொத்துகளில் ஒரு பங்கைச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்க அது வழி செய்தது. யாருக்கு? முன்னாள் போர்க்கைதிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும். 2000-ல் பிரிட்டிஷ் அரசு தன் முன்னாள் தூரகிழக்குக் கைதிகளுக்கு ஆளுக்கு 10,000 பவுண்டு அறிவித்தது. மலேசியாவுக்கு ஜப்பான் 1967 ஒப்பந்தத்தின்படி 2.5 கோடி வெள்ளி மதிப்புக்குத் தந்தது இரண்டு கப்பல்கள். அரசுக்கும் அரசுக்கும் நடந்த கணக்கு அது. தோட்டத்து விதவையின் கைக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. பட்டியலில் பெயர் இல்லாதவனுக்குப் பங்கு இல்லை.

பணத்தை விடுங்கள். போன ஆள் செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாத வீட்டில் என்ன நடக்கும் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தாலியைக் கழற்றுவதா வைத்துக்கொள்வதா? பொட்டு? திதி எந்த நாளில் கொடுப்பது? நாள் தெரியாதவர்களுக்கு என்றே நம் வழக்கத்தில் மகாளய அமாவாசை இருக்கிறது, அந்த நாளில் ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வருவார்கள். அதுவும் மலாயாவில் இருந்த குடும்பத்துக்கு. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சேலத்திலும் வட ஆர்க்காட்டிலும் இருந்த அப்பா அம்மாவுக்கு அந்தச் சேதிகூட வரவில்லை. மணியார்டர் நின்றது, கடிதம் நின்றது. அவ்வளவுதான். ‘அவன் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கிட்டு எங்களை மறந்துட்டான்’ என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போன தாய்மார்கள் எத்தனை பேரோ. மறந்தவன் என்ற பழியைச் சுமந்துகொண்டு காட்டில் கிடக்கிறான் மகன்.

இப்போது ஏன் அபாயச் சங்கு ஊதுகிறோம் என்றால், மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் கரைந்துகொண்டிருக்கிறது.

முதலில் ஆட்கள். 1943-ல் பத்து வயதுப் பிள்ளையாக லயத்து வாசலில் நின்று அப்பாவை லாரியில் ஏற்றுவதைப் பார்த்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். பாதையில் வேலை செய்து திரும்பியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டார்கள். அந்தப் பத்து வயதுப் பிள்ளைகள்தான் கடைசி. சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்று மையம் 1980-களின் தொடக்கத்திலேயே ஜப்பானிய ஆட்சிக்கால நினைவுகளை ஒலிநாடாவில் பதியத் தொடங்கியது. அப்போது நம்மிடம் ஓர் ஒலிப்பதிவுக் கருவி இல்லாமலா போயிற்று?

இரண்டாவது காகிதம். தோட்டத்தில் காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் குறித்த செக்ரோல் புத்தகங்கள்தான் நம்மவருக்கு இருந்த ஒரே அட்டை. யார் எந்தக் கங்காணியின் கூட்டம், எத்தனை நாள் வேலை, எந்த மாதத்தோடு பெயர் நின்றது என்று அதில் தெரியும். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோதே பல புத்தகங்கள் குப்பைக்குப் போயின. பின்னால் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களை இடித்தார்கள், தோட்டத்துக் கோயிலைக்கூட இடித்தார்கள். கிராணி அறையின் பழைய அலமாரிக்கு யார் காவல் இருந்தார்கள்? எஞ்சியவை கரையானுக்கும் ஈரத்துக்கும் நடுவில் இருக்கின்றன. ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் போன்ற பெரிய தோட்டக் கம்பெனிகளின் காகிதங்களில் ஒரு பகுதி லண்டன் காப்பகத்தில் பத்திரமாக இருப்பது ஒரு சின்ன ஆறுதல். ஜப்பான் தரப்பில் கேட்கவே வேண்டாம். 1945 ஆகஸ்டில் சரணடையும் முன் மூட்டை மூட்டையாக ஆவணங்களை எரித்தார்கள்.

மூன்றாவது, மண். காட்டோரப் புதைகுழிகளின் மேல் இன்று கரும்பும் மரவள்ளியும் விளைகின்றன, விடுதிகள் எழுகின்றன. 1990-ல் காஞ்சனபுரியில் ஒரு கூட்டுப் புதைகுழி வெளிப்பட்டு நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்கள் என்று முடிவு கட்டினார்கள். எந்த நாட்டவர், யார் மகன் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சு. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். சீ. அருண் போன்றவர்கள் மலேசியாவில் ஊர் ஊராகப் போய் உயிரோடு இருந்தவர்களைச் சந்தித்துத் தொகுத்தார்கள். ஆவணப்படம் எடுத்தார்கள். எல்லாம் தனி மனிதர்களும் சிறு குழுக்களும் கைக்காசைப் போட்டுச் செய்தவை. உலகத்துக்குத் தெரிந்ததோ 1957-ல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படம். அதைப் படம்பிடித்தது இலங்கையின் கித்துள்கலையில், தமிழ் பேசும் மலையகத்துக்குப் பக்கத்தில். கதை என்னவோ முழுக்க வெள்ளைக் கைதிகளுடையது.

2023 மே மாதம் காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர்களுக்காக ஒரு நடுகல் நட்டார்கள். தாய்லாந்துத் தமிழர்கள் முன்னின்றார்கள், தமிழ்நாடு அரசும் நிதி தந்தது. பாராட்ட வேண்டிய வேலை. பாராட்டிய வாயாலேயே ஒன்றைச் சொல்லவும் வேண்டியிருக்கிறது. நடுகல்லின் இலக்கணமே விழுந்தவன் பெயரைப் பொறிப்பதுதான். ஆநிரை மீட்கப்போய்ச் செத்த வீரனின் பெயரும் அவன் ஊரும் அவன் தலைவன் யார் என்பதும் தர்மபுரி, திருவண்ணாமலைக் கற்களில் ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்தும் படிக்கக் கிடைக்கின்றன. எண்பது ஆண்டுக்கு முன் செத்தவனின் பெயரை எழுத நம்மிடம் பட்டியல் இல்லை. கல்லுக்கு மாலை போடுவதில் நாம் கெட்டிக்காரர்கள். பட்டியல் போடுவது சலிப்பான வேலை. அதற்கு மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது.

பட்டியல் இல்லாததால் இன்னொரு கேடும் வந்து சேர்ந்திருக்கிறது. மேடைக்கு மேடை எண்ணிக்கை ஏறுகிறது. ஒருவர் ஐம்பதாயிரம் தமிழர் இறந்தார்கள் என்பார். அடுத்தவர் ஒன்றரை லட்சம் என்பார். அதற்கும் மேலே ஒருவர் போவார். ஆதாரம் கேட்டால் கோபம் வரும். உணர்ச்சியில் சொல்கிறார்கள், புரிகிறது. ஆனால் மலாயாவிலிருந்து போனவர்களின் மொத்தத்தையே தாண்டி இறந்தவர்களைச் சொன்னால், நடந்ததே பொய் என்று சொல்லக் காத்திருப்பவனுக்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். பெயர்ப் பட்டியலில் ஐயாயிரம் பேர் இருந்தால் போதும், அந்த வாயை அடைத்துவிடலாம்.

முடியாத வேலை இது என்று சொல்பவர்கள் ஜெர்மனியின் ஆரோல்சன் ஆவணக் காப்பகத்தைப் பார்க்கட்டும். நாஜிகளின் வதைமுகாமில் இருந்தவர்கள் மட்டுமில்லாமல், கட்டாய வேலைக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் இழுத்துவரப்பட்ட விவசாயியும் தையல்காரியும்கூட அங்கே பதிவில் இருக்கிறார்கள். ஏறத்தாழ 1.75 கோடிப் பேரைப் பற்றிய தகவல்கள். அங்கே பட்டியலை எழுதிவைத்தது ஜெர்மானிய நிர்வாகம், நம்முடையது தோட்டத்துக் கிராணி, வித்தியாசம் பெரியதுதான். ஆனால் கைதிக்கும் கூலிக்கும் ஒரே மேசையில் இடம் கொடுக்கலாம் என்று அவர்கள் முடிவெடுத்தது நாமும் எடுக்கக்கூடிய முடிவு.

என்ன செய்ய வேண்டும்? தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் ஜனவரியில் அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறது. ‘வேர்களைத் தேடி’ என்று அயல்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளை அழைத்துவந்து கோயில்களையும் கல்லணையையும் காட்டுகிறது. அந்தப் பிள்ளைகளில் மலேசியாவிலிருந்து வருகிறவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார் என்று கேட்க ஒரு தனித் திட்டம்கூட வேண்டாம். அயலகத் தமிழர் நலத்துறைக்குள் ஒரு சிறிய அலுவலகம், ஐந்தாறு ஆட்கள், ஒரு பதிவேடு. மாவட்டத் தலைநகரங்களில் ஒரு மேசை. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் டெல்லியிலும் கிடக்கும் மலாயாக் குடிபெயர்வுக் கோப்புகளை இந்தக் கண்ணோட்டத்தில் ஒருமுறை புரட்ட நாலு ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை. 1938-ல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலி அனுப்புவதை நிறுத்தும்வரை ஒவ்வோர் ஆண்டும் போனவர் வந்தவர் கணக்கு எழுதிய நாடு இது. மலேசிய அரசு எஞ்சியிருக்கும் தோட்டப் புத்தகங்களை, தோட்டம் யாருடையதாக இருந்தாலும், தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்ல வேண்டும். இடிக்க அனுமதி கொடுக்கும் முன் அலமாரியைத் திற என்று ஒரு விதி போதும். சிங்கப்பூரில் 1946 முதல் நடந்த போர்க்குற்ற விசாரணைகளில் ஆசியத் தொழிலாளர்களுக்கு இழைத்த கொடுமைகளும் வழக்காயின. அந்தக் கோப்புகளைத் தமிழில் படிக்க வழி செய்ய வேண்டும். ஜப்பான் அரசு தன் ராணுவ ரயில்வேப் படைகளின் ஆவணங்களில் தொழிலாளர் பெயர் இருக்கிறதா என்று தேடித் தரட்டும். மன்னிப்பு, இழப்பீடு எல்லாம் தனிப் பேச்சு. அதற்காகக் காத்திருந்தால் இதுவும் நடக்காது.

பழையதைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் தன் தாத்தாவின் பெயர் பொறித்த பலகைக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியிடம் போய் இதே கேள்வியைக் கேட்கும் துணிச்சல் அவர்களுக்கு இருக்குமா? நம்மவர் என்றால் மட்டும் ஏன் இந்தத் தத்துவம்?

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் ‘மலாயாவுக்குப் போனவர்’ என்று ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்த பெரியவர், அத்தையோ சின்னப் பாட்டியோ, இன்னும் இருக்கிறார் என்றால் இந்த வாரமே போய் உட்காருங்கள். பெட்டியில் பழைய கடித உறையோ மணியார்டர் துண்டோ இருந்தால் படம் எடுங்கள். முத்திரையில் தோட்டத்துக்குப் பக்கத்து ஊரின் பெயர் இருக்கும். தோட்டத்தின் பெயரைக் கேட்கும்போது கவனம் வேண்டும். துரை வைத்த பெயர் வேறு, நம்மவர் கூப்பிட்ட பெயர் வேறு, இரண்டையும் எழுதுங்கள். கங்காணி யார் என்று மறக்காமல் கேளுங்கள். ஒரு தோட்டத்தில் பத்து முனியாண்டி இருப்பார்கள், கங்காணி பெயர் சேர்ந்தால்தான் எந்த முனியாண்டி என்று பிடிபடும். எந்த மாதம் போனார் என்று கேட்டால் தெரியாது என்பார்கள். தைப்பூசத்துக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். சொன்னது யார், எழுதியது எந்தத் தேதி என்றும் கீழே குறியுங்கள்.

கியூவில் இருக்கும் அட்டையில் அப்பா பெயருக்கு ஒரு கட்டமும் அம்மா பெயருக்கு ஒரு கட்டமும் உண்டு என்று சொன்னோம். தாளில் அந்த இரண்டு பெயர்களை முதலில் எழுதிவிடுங்கள்.